பெற்றுக்கொண்டேன் என்று மட்டும்

என் பீரோவில் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கிறது. பெரிய தாள் ஒன்றின் அடிப்பாகத்தைக் கிழித்தது. மூன்று விரல் அகலம்தான் இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: ‘ரிசீவ்டு அண்ட் அக்செப்டட்’. அந்த வரியை டைப் செய்தவள் நான். ‘ரிசீவ்டு’ என்பதை அப்படியே விட்டுவிட்டு, மீதிச் சொற்களின் மேல் நீல மையில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. கோபத்தில் கிறுக்கிய கோடு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டில் மார்ஜின் போடுவதுபோல, துளி வளைவில்லாமல், நிதானமாக இழுத்த கோடு. அதற்குக் கீழே தமிழில், இனிஷியலோடு முழுப்பெயரும் எழுதிய ஒரு கையெழுத்து. கோட்டையும் கையெழுத்தையும் போட்டவர் எங்கள் மில்லின் தபால் அண்ணன்.

போன மாதம் வீட்டுக்கு ஒரு மிக்ஸி ஜார் பார்சலில் வந்தது. கொண்டுவந்தவர் தன் போனை நீட்டி, கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். கோழி கிளறியதுபோல ஏதோ விழுந்தது. போதும் என்று போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் ஜார் விரிசல் விட்டிருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து சொன்னேன். ‘நீங்க அக்செப்ட் பண்ணிட்டதா காட்டுதே மேடம்’ என்றாள் அந்தப் பக்கம் இருந்த பெண். வாங்கியதற்குத்தானே அம்மா விரலை வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த வார்த்தையை வைத்து ஒரு காலத்தில் நான் செய்த காரியத்துக்கு, ஒரு மிக்ஸி ஜார் மிகவும் குறைச்சலான தண்டனை.

திண்டுக்கல்லுக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை. தொழிலாளிகளின் லீவு, ஷிப்டு, புகார் எல்லாம் வந்து சேர்கிற பெர்சனல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவள் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான். மேனேஜர் இங்கிலீஷில் ஏதாவது எழுதினால் என்னைக் கூப்பிட்டு, இது சரியா பாரும்மா என்று கேட்பார். அது போதாதா எனக்கு? தரையில் கால் பாவாமல் திரிந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் வெஞ்சனத்தைப் பங்கு போட்டுக்கொண்டு கதை பேசுவார்கள். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அகராதி பார்ப்பேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தபால் அண்ணன் எங்கள் ஆபீஸ் அட்டெண்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். மில்லுக்கு உள்ளே பேப்பர் கொண்டுபோவது போக, வேலைக்கு வராமல் ஊரில் இருக்கிற தொழிலாளிகளுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலைதான். மொபெட்டில் ஒரு ரெக்ஸின் பையை மாட்டிக்கொண்டு நத்தம் பக்கம், ரெட்டியார்சத்திரம் பக்கம், சின்னாளப்பட்டிப் பக்கம் என்று வெயிலில் சுற்றுவார். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட மாட்டார். காற்றில் முகத்தில் அடிக்கிறது என்று சட்டைப்பையில் செருகி வைத்திருப்பார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கடிதத்தை எடுக்கும் முன்னால், முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். ஏன் என்று ஒருமுறை விசாரித்தேன். தண்ணீர் கொடுத்த கையால் யாரும் விரட்ட மாட்டார்கள் என்றார்.

விரட்டுவதற்குக் காரணம் இருந்தது. அவர் கொண்டுபோகிற கடிதம் பெரும்பாலும் மெமோ. சொல்லாமல் லீவு எடுத்தாய், மெஷினை விட்டுப் போனாய், சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினாய், இதற்கு உன் விளக்கம் என்ன என்று கேட்கிற தாள். எங்கள் பக்கத்தில் மெமோ என்றால் பேய்க்கு அடுத்த பயம். வாங்கிவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அது முட்டாள்தனமும் இல்லை. நிச்சயத்தில் தட்டை வாங்கிவிட்டால் சம்மதம். அப்புறம் பேச்சு மாற முடியாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களிடம் ஒரு தாளை நீட்டி வாங்கிக்கொள் என்றால், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஊரில் இல்லை என்று பக்கத்து வீட்டை விட்டுச் சொல்வார்கள். அதனால் நஷ்டம் அவர்களுக்குத்தான். மெமோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, அவர்கள் இல்லாமலே விசாரணையை முடித்துவிடுவார்கள். சொல்ல நியாயம் இருந்தவர்கள்கூடச் சொல்லாமலே வேலையை விட்டிருக்கிறார்கள்.

தபால் அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வார்: “வாங்கிக்கிறதுக்குத்தான் தாயி கையெழுத்து. ஒத்துக்கிறதுக்கு இல்ல. வாங்குனாத்தான பதில் எழுத முடியும்?” பிறகு மெமோவின் கடைசி வரியைப் படித்துக் காட்டுவார். ஏழு நாளுக்குள் விளக்கம் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று எல்லா மெமோவிலும் இருக்கும். இன்றைக்கு என்ன கிழமை, ஏழாம் நாள் என்ன கிழமை என்று அவர்கள் விரலிலேயே எண்ணவைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் சொன்னால் போடுவார்கள். மேனேஜர் போய்க் கேட்டாலும் நீட்டாத கை, தபால் அண்ணன் பேனாவுக்கு நீளும். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

அந்த வாக்கியத்தைக் கெடுத்தவள் நான்.

ஆபீஸுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய படிவங்களை எல்லாம் திரும்ப அடிக்கச் சொன்னார்கள். பழைய மெமோவின் அடியில் கையெழுத்துக்கு மேலே ‘ரிசீவ்டு’ என்று மட்டும் இருக்கும். மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றியது எனக்கு. அன்றைக்கு என் மேஜையில் மெஷின் சாமான் வந்ததற்கான டெலிவரி சீட்டு ஒன்று கிடந்தது. அதில் ‘ரிசீவ்டு அண்ட் அக்செப்டட் இன் குட் கண்டிஷன்’ என்று போட்டிருந்தது. படிக்கவே கம்பீரமாக இருந்தது. கடைசி மூன்று சொல்லை விட்டுவிட்டு மற்றதை எடுத்து மெமோவின் அடியில் வைத்தேன். மேனேஜர் அதைப் பார்க்காமலே ஓகே சொன்னார். பேரிங்கும் பெல்ட்டும் வந்து இறங்குகிற சீட்டில் இருந்து எடுத்து மனுஷர்கள் கையெழுத்துப் போடுகிற இடத்தில் வைக்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பெண்ணின் விசாரணை வந்தது. நத்தம் ரோட்டில் ஒரு கிராமம். ரிங் பிரேமில் நூல் அறுந்தால் ஒட்டுகிற வேலை. கை வேகத்துக்குப் பேர்போனவள். அம்மாவுக்குத் திடீரென்று முடியாமல் போய், மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூடவே இருந்துவிட்டாள். சொல்லிவிட ஆள் இல்லை. மெமோ போயிற்று. தபால் அண்ணன் தண்ணீர் குடித்தார், சொன்னார், அவள் கையெழுத்துப் போட்டாள். ஏழு நாளுக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டையும் இணைத்துப் பதிலும் கொடுத்துவிட்டாள். எல்லாம் முறையாகத்தான் செய்தாள். விசாரணை அதிகாரியாக டவுனில் இருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். பேசுவதை எழுதிக்கொள்ள நான் உட்கார்ந்திருந்தேன். அவர் அவளுடைய பதிலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட மெமோச் சீட்டைத் தூக்கிக் காட்டி, குற்றத்தை ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, இனி என்ன விளக்கம் என்றார். அவளுக்குப் புரியவில்லை. வாங்கிக்கொள்வதற்குத்தான் கையெழுத்து என்று தபால் அண்ணன் சொன்னார் என்றாள். வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தவிர மற்றதை எல்லாம் நான் எழுதிக்கொண்டேன்.

அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். போகிற அன்று கேட்டில் தபால் அண்ணன் எதிர்ப்பட்டார். சண்டை போடவில்லை, ஏசவில்லை. “நீங்க சொல்லித்தானண்ணே போட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். செக்யூரிட்டி என்னிடம் வந்து சொன்னார். மனுஷன் ஒரு மணி நேரம் சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தாராம்.

மறுநாள் ஒரு மெமோச் சீட்டோடு என் மேஜைக்கு வந்தார். இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். முன்னால் ஒரு வார்த்தைதானே இருக்கும், இப்போது இரண்டு இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா என்றார். இல்லை என்றேன். இங்கிலீஷ் விளக்குவதென்றால் எனக்குக் குஷி வந்துவிடும். ரிசீவ் என்பது கை செய்கிற வேலை, அக்செப்ட் என்பது மனசு செய்கிற வேலை என்று வகுப்பு எடுப்பவள்போலச் சொன்னேன். ஒரு பொருள் வந்து சேர்ந்தால் ரிசீவ். சரி, எனக்கு இது சம்மதம் என்றால் அக்செப்ட்.

அவர் சீட்டை என் மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: “பொண்ணு பாக்க வாரவுக பழம் கொண்டாராக. வாங்கித்தான் வைக்கிறோம். அதுக்காகப் பொண்ணக் குடுத்ததா ஆயிருமா மேடம்? தட்டு மாத்துறது வேற, பழம் வாங்குறது வேற. நீங்க ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப்புட்டீகளே.”

நீங்க என்று அவர் சொன்னது ஆபீஸைத்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பார்க்க நன்றாக இருக்கும் என்று நான்தான் அண்ணே சேர்த்தேன், யாரும் சொல்லவில்லை என்று உளறிவிட்டேன். அவர் முகத்தில் கோபம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொல்லுங்கள், மேனேஜர் நீங்கள் சொன்னால் கேட்பார் என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. அந்த விசாரணைக்குப் பிறகு மேனேஜருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. விசாரணை சீக்கிரம் முடிகிறது என்று வக்கீலிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது போய் அது தப்பு என்றால், யார் சேர்த்தது என்ற கேள்வி வரும். யாரைக் கேட்டுச் சேர்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். என் கணவர் அப்போது வேலை இல்லாமல் இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு: நான் இங்கிலீஷில் தப்பு செய்தேன் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் தெரிந்துகொள்வதை என்னால் தாங்க முடியாது.

அப்புறம்தான் கோடுகள் வர ஆரம்பித்தன. தபால் அண்ணன் கொண்டுவந்து கொடுக்கிற சீட்டுகளில் ‘அண்ட் அக்செப்டட்’ அடிபட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் அதே நேர்க்கோடு. ஸ்கேல் எங்கே வைத்திருக்கிறார் என்று யோசித்தேன். ஒருநாள் மில்லுக்குள்ளேயே ஒருவருக்குக் கொடுக்கும்போது பார்த்தேன். சட்டைப்பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்து, வரியின் மேல் வைத்து, அதன் விளிம்போடு பேனாவை இழுத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். அந்தச் சீட்டுகளை எல்லாம் நான் எதுவும் பேசாமல் வாங்கி ஃபைலில் குத்தினேன். நானும் அவருக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருந்ததற்கு ஒத்தாசை என்று பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எவ்வளவு நாள் மறையும்? ஒரு விசாரணையில் தொழிலாளி தரப்பில் வந்தவர், எங்கள் ஆள் அக்செப்ட் என்பதை அடித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக் காட்டிவிட்டார். மேனேஜர் ஃபைலை வரவழைத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கை போட்ட கோடு. தபால் அண்ணனைக் கூப்பிட்டார். நான் என் மேஜையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. யார் அடித்தது என்று கேட்டதும், நான்தான் என்று உடனே சொல்லிவிட்டார். எதற்கு அடித்தாய் என்றதற்கு, “அவுக ஒத்துக்கிடல சார். வாங்கிக்கத்தான் செஞ்சாக” என்றார்.

கம்பெனி ஆவணத்தைத் திருத்தியதாக அவருக்கு ஒரு மெமோ டைப் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அதே படிவத்தில்தான். மேனேஜர் முன்னாலேயே அவரிடம் கொடுத்தார்கள். அவர் நிதானமாக முழுவதும் படித்தார். அட்டையை எடுத்தார், வரியின் மேல் வைத்தார், கோட்டை இழுத்தார், கீழே முழுப்பெயரையும் எழுதினார். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. பிறகு தபால் அண்ணன் என் பக்கம் திரும்பி, பதில் எழுத எத்தனை நாள் என்று, தெரியாதவர்போலக் கேட்டார். ஏழு நாள் என்றேன்.

ஏழு நாளும் அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் பதில் எழுதச் சொல்லிக்கொடுத்த மனுஷன், தனக்கு ஒரு வரி எழுதவில்லை. எட்டாம் நாள், விளக்கம் வராததால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதி, அவரைக் கழிவுப்பஞ்சு குடோனுக்கு மாற்றி உத்தரவு போட்டார்கள். அதையும் நான்தான் டைப் செய்தேன். அந்தக் குடோனில் தூசி எப்படி இருக்கும் என்றால், உள்ளே போன ஆள் வெளியே வரும்போது புருவம் நரைத்திருக்கும். ஒரு வருஷம் இருமிக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விட்டார். போகிற அன்று ஆபீஸுக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும் வாரேன் மேடம் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு ஒருமுறை கம்ப்யூட்டரை மாற்றினார்கள். படிவங்களைத் திரும்ப ஏற்றும்போது அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. சேர்த்தபோதும் யாரும் கவனிக்கவில்லை. எடுப்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோது, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மில் கைமாறி, ஆபீஸைக் காலிசெய்து, பழைய ஃபைல்களைப் பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டார்கள். அப்போது அந்தக் குவியலில் தேடி, அவர் மெமோவின் அடிச்சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். அன்றில் இருந்து அது பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறபோதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன். திட்டு வாங்கினான், அடி வாங்கினான் என்கிறோம். திட்டு வாங்கினான் என்பதற்காக, அதை ஒத்துக்கொண்டான் என்று யாராவது சொல்வார்களா? அவர் எட்டாம் வகுப்போடு புரிந்துகொண்டதை எனக்கு விளக்க எந்த அகராதியும் தேவைப்பட்டிருக்காது. வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

மிக்ஸி ஜார் வந்த மறுவாரம், ஒரு வழியாக முடிவு செய்தேன். நேரில் வாயால் கேட்கத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும். தமிழில் ஒரு பக்கம் கடிதம் அடித்தேன். வார்த்தையைச் சேர்த்தது நான், எடுக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் இருந்தது நான், உங்களுக்கு மெமோ அடித்தபோதும் வாயை மூடிக்கொண்டது நான், மன்னிக்க வேண்டும் என்று. பழக்க தோஷம், அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று போட்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் அதேபோல ஒரு கடிதம் அடித்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தபால் அண்ணனுக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு.

ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி, விசாரித்து, ஆட்டோ பிடித்துப் போனேன். அவரும் அவர் மனைவியும் தக்காளியைப் பழம், காய் என்று பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. குடோன் தூசி இல்லை, வயசு. எழுந்தவுடனே ஒரு இருமல் வந்தது. அது வயசு இல்லை. செத்த நேரம் உட்காருங்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, மேடம் ஏதோ மெமோ கொண்டாந்திருக்காக, சொம்பு நிறையக் குடு என்று மனைவியிடம் சொன்னார்.

கடிதத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, வரி வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டேன். இத்தனை வருஷமாக எனக்குள் கிடந்த கேள்வி அது.

“பதில் எழுதணும்னா அந்த வார்த்த எங்கருந்து வந்துச்சுன்னு எழுதணும்ல” என்றார். “பொய் எழுத வராது. நெசத்த எழுதுனா நாம ரெண்டு பேருமா வெளிய நிக்கணும். உங்களுக்குப் படிக்கிற பிள்ளைக இருந்துச்சு. அதான் சும்மா இருந்துட்டேன்.”

அழக்கூடாது என்று வந்திருந்தேன். அழுதுவிட்டேன். அவர் மனைவி ஒன்றும் கேட்காமல், கூடையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அடிச்சீட்டைக் கவனித்தார். அடிப்பதற்கு ஒன்றையும் காணோமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இனிஷியலோடு முழுப்பெயரும் எழுதி, கிழித்துக் கொடுத்தார். பிறகு, இதற்குப் பதில் கொடுக்க எத்தனை நாள் மேடம் என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, வழக்கம்போல ஏழு நாள்தான் என்றேன்.

இரண்டாவது கடிதத்தைக் காட்டினேன். அந்தப் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாளாம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாராம். மில்லை விட்டு வந்த வருஷமே இவர் அவளைத் தேடிப் போய், நான் சொன்னது பொய் இல்லை தாயி, எழுதியிருந்ததுதான் பொய் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இந்த வாரம் அவள் ஊரில் கும்பாபிஷேகம், வருவாள் என்றார். விலாசம் கேட்டேன். கொடுக்கவில்லை. கவரை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இது நான் குடுக்க வேண்டியது மேடம்” என்றார்.

திரும்பி வந்து நாட்களை எண்ணினேன். போன் அடிக்கும் போதெல்லாம் அவராக இருக்கும் என்று எடுத்தேன். ஏழு நாளும் ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான், மனுஷனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் காலையில் இட்லிச் சட்டியை அடுப்பில் வைத்திருக்கும்போது கூப்பிட்டார்.

“எட்டு நாள் ஆயிருச்சு மேடம். எங்கிட்டருந்து பதில் எதுவும் வரலைல்ல?”

வரவில்லை என்றேன்.

“அப்புறம் என்ன. கடைசி வரி உங்களுக்குத் தெரியாததா” என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால், நான் கேட்ட மன்னிப்பை ஒத்துக்கொண்டதாக. எத்தனை பேருக்கு எதிராக அடித்த வரி. அதை இப்படியும் பயன்படுத்தலாம் என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

பார்த்தேன், கொடுத்தேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என்றார். எதுவும் சொன்னாளா என்று கேட்டேன். “வாங்கிக்கிச்சு மேடம். அம்புட்டுத்தான். மொதல்ல பேனாவத் தொட மாட்டேன்னுச்சு. வாங்கிக்கிறதுக்குத்தான் தாயி கையெழுத்து, ஒத்துக்கிறதுக்கு இல்லைன்னு சொன்னேன். அப்புறம் போட்டுச்சு.”

அந்தச் சீட்டை அவர் சாதாரணத் தபாலில் அனுப்பி வைத்தார். நேற்றுத்தான் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் சீட்டில் அதே நேர்க்கோடு. இரண்டாவதில் அதே முத்துமுத்தான கை, கொஞ்சம் நடுக்கத்தோடு. மூன்றாவதில், ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்குக் கீழே அவள் பெயர், அழுத்தமாக, தாளின் மறுபக்கம் தடம் தெரிகிற மாதிரி. அவளுக்கு எந்தக் கெடுவும் நான் வைக்கவில்லை. எட்டாம் நாள் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு சொல்லை அவள் பெயருக்கு மேலே சேர்க்க எனக்கு உரிமை இல்லை. மூன்று சீட்டையும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பீரோவை மூடினேன். தபால் அண்ணன் அவளுக்குச் சொன்ன வாக்கியம், இந்த முறை பொய்யாகவில்லை.